கொடிமரத்திலிருந்து கொடிமரம் வரை

வலது குதிகால் இடது பெருவிரலைத் தொட்டுவிட்டது, இனித் திரும்ப முடியாது. கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டு எழுந்து முதல் அடியை வைத்தாயிற்று. அடிப்பிரதட்சணத்துக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. அதை யாரும் பலகையில் எழுதித் தொங்கவிடவில்லை, ஆனால் இந்த அம்மன் கோயிலுக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். ஒரு காலின் குதி மறுகாலின் விரல் நுனியை ஒட்டியே விழ வேண்டும், நடுவில் இடைவெளி விடக்கூடாது, ஓடக்கூடாது, விலகக்கூடாது, கிளம்பிய இடத்துக்கு வந்து சேர்கிறவரை வேறு ஜோலி கிடையாது. அதற்காகத்தான் இதைப் பிடித்தேன். சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வா என்று சொன்னால் முதல் மூலையிலேயே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திரும்பி ஓடிவிடுவேன், என்னை எனக்குத் தெரியாதா. நாதன் மண்டபத்துத் தூணடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். குற்றாலநாதன், என் ஒரே பிள்ளை. இருபத்திரண்டு வயது, மீசை அவன் அப்பாவுக்கு அந்த வயதில் இருந்ததைவிட அடர்த்தி. "இங்கயே இரு, அம்மா சுத்திட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் தூணில் செதுக்கியிருந்த யாளியின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான், கேட்டானோ என்னவோ. கழுத்தைத் திருப்பினால் இப்போதும் தெரிவான். ஆனால் இந்த நடையில் கழுத்தைத் திருப்பினால் உடம்பு சாய்கிறது, உடம்பு சாய்ந்தால் கால் விலகுகிறது. இந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பொது இடத்தில் நானாக இவனைத் தனியே விட்டது இதுதான் முதல் தடவை. காலையில் பெய்த சாரலில் கல்லெல்லாம் ஈரம், உள்ளங்காலில் ஜில்லென்று ஏறுகிறது.

ஜெசிந்தா டீச்சர் நல்லவள்தான், ஆனால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. இலஞ்சி ரோட்டில் நாதன் மாதிரிப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானதும் உட்கார்ந்து வேலை செய்ய ஒரு பட்டறை ஆரம்பித்திருக்கிறாள். பாக்குமட்டையில் தட்டு, பத்தி அடுக்கிக் கட்டுவது, அந்த மாதிரி. திங்கட்கிழமையிலிருந்து நாதனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். நான் பாயும் தண்ணீர்ப் பாட்டிலுமாகக் கூடவே உட்காரத் தயாராகிக்கொண்டிருந்தேன். நீங்கள் வாசலோடு போய்விட வேண்டும் என்றாள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் பத்தியை அவன் அடுக்க மாட்டான், நீங்கள்தான் அடுக்குவீர்கள், எனக்கு உங்களுக்குச் சம்பளம் தரக் கட்டுப்படியாகாது என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அம்மா இல்லாமல் அரை மணி நேரம் இருக்க முடியாத பிள்ளையை என்னால் எடுத்துக்கொள்ள முடியாது, இந்த வாரத்தில் எங்கேயாவது விட்டுப் பழக்குங்கள் என்றாள். வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் பிரமநாயகம் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, விட்டுப் பழக்குவதற்கு அவன் என்ன நாய்க்குட்டியா என்றார். அவர் இப்படி வெடுக்கென்று பேசினால் பயப்படுகிறார் என்று அர்த்தம். இன்றைக்கு அவர் ஆபீசுக்குப் போன பிறகு, ஒரு வார்த்தை சொல்லாமல், இவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இவன் எழுந்து எங்கேயாவது போய்விட்டால், திங்கட்கிழமை இல்லை. திங்கட்கிழமை இல்லையென்றால் எனக்குப் பின்னால் இவனுக்கு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. இதைத்தான் நான் குதிகாலுக்கும் விரலுக்கும் நடுவில் வைத்து மிதித்துக்கொண்டு போகிறேன்.

எனக்குப் பின்னாலும் ஒருத்தி அடி வைத்து வருகிறாள். கடையநல்லூர்க்காரி. கொடிமரத்தடியில் பழக்கமாகி அதற்குள் குடும்பக் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். மகளுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷம் பிள்ளையில்லை, இந்த அம்மனிடம் வேண்டிக்கொண்டாள், போன மாதம் பேரன் பிறந்திருக்கிறான், அதற்குத்தான் இந்தச் சுற்று. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அரைத்த மஞ்சளைப் போலப் பளபளவென்று இருந்தது. பிறகு என்னைக் கேட்டாள், ஒங்களுக்கு என்ன வேண்டுதல் என்று. பையனுக்கு என்றேன். 

"நடந்துட்டா?"

"இல்ல."

"நடக்காமலேயா சுத்துதீக?"

நான் விழுந்து கும்பிடக் குனிந்துவிட்டேன். அந்தக் கேள்வி இப்போது எனக்கு ஒரு அடி பின்னால் நடந்து வருகிறது. அவள் கேட்டது நியாயம். ஊர் உலகத்தில் யாரும் கேட்டது கிடைக்காமல் நேர்த்திக்கடன் செலுத்துவதில்லை. வயிற்றுவலி தீர்ந்தால்தான் வெள்ளியில் வயிறு வாங்கி உண்டியலில் போடுகிறோம், தீராவிட்டால் வேறு சாமியைப் பார்த்துப் போகிறோம். நாதனுக்கு மூன்று வயதில், பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் அவன் முன்னால் பந்தை உருட்டி, மணியடித்து, பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆட்டிசம் என்ற வார்த்தையைச் சொன்னார். அதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மாத்திரை உண்டா என்று கேட்டேன். பஸ்ஸில் திரும்பி வருகிற வழியிலேயே இந்த அம்மனிடம் பேரம் பேசிவிட்டேன். தாயே, இந்தப் பிள்ளை வாயிலிருந்து அம்மா என்று ஒரு சொல் வரட்டும், உன் பிராகாரத்தை அடிப்பிரதட்சணமாகச் சுற்றுகிறேன். வரவில்லை. சோறு என்பான், போலாம் என்பான், வேண்டாம் என்பான், டிவியில் வருகிற சோப்பு விளம்பரத்தை ராகத்தோடு சொல்வான். அது மட்டும் வரவில்லை. நானும் சுற்றவில்லை. இத்தனை வருஷமாக வெள்ளிதோறும் வந்து இவள் முகத்தைப் பார்ப்பேன், இவளும் என் முகத்தைப் பார்ப்பாள், நீ முதலில் செய் என்று நானும் நீ முதலில் செய் என்று அவளும், எதிரெதிர் வீட்டுக்காரிகள் வாசல் தண்ணீர் போகிற விஷயத்தில் முறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி. சாமியிடம் போய் எவளாவது வீம்பு பிடிப்பாளா? நான் பிடித்தேன். இந்த வாரம் ஒரு நாள் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது, சரி போ, நீ ஒன்றும் தர வேண்டாம், நான் சுற்றுகிறேன் என்று தோன்றிவிட்டது. ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. பக்தி முற்றிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இவனை விட்டுப் பழக வேண்டும், எனக்கு ஓட முடியாத ஒரு நடை வேண்டும், அந்த நடை இவளிடம்தான் இருந்தது.

தெற்குப் பிராகாரம். மடைப்பள்ளியிலிருந்து புளியோதரை தாளிக்கிற வாசனை வருகிறது, நிலக்கடலை கொஞ்சம் கூடுதலாகவே வறுபட்டுவிட்டது. நாதனுக்கு இந்த வாசனை போயிருக்குமா? போயிருந்தால் எழுந்திருப்பானா? எழுந்தால் இந்தப் பக்கம்தான் வருவான், வந்தால் நல்லது. அட, நல்லதா? வரக்கூடாது என்றுதானே விட்டுவிட்டு வந்தாய். வந்தால் என்னைக் கண்டு நின்றுவிடுவான். நின்றால் திங்கட்கிழமை போயிற்று. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலென்று நிற்கிற மனசை வைத்துக்கொண்டு காலை மட்டும் நேராக வைக்கிறேன். ஓரக்கண்ணில் மண்டபத்து மூலை இன்னும் தெரிகிறது, ஒரு நீலம் தெரிகிறது, அது அவன் சட்டையாகத்தான் இருக்க வேண்டும். இல்லை, அது குழாயடியில் கிடக்கிற பிளாஸ்டிக் வாளி. அப்படியென்றால் சட்டை எங்கே? தூண் மறைக்கிறது, தூண்தான் மறைக்கிறது. ஒரு அடி. இன்னொரு அடி. எண்ணக்கூடாதென்று வைத்திருக்கிறேன், எண்ணினால் மீதி எவ்வளவு என்று கணக்கு வரும், கணக்கு வந்தால் கால் பறக்கும். என் பாதம் இவ்வளவு சின்னதா? இவ்வளவு பெரிய கோயிலை இந்தப் பாதத்தை வைத்து அளக்கலாம் என்று எவள் முதலில் நினைத்தாளோ, அவளுக்கும் பின்னால் விட்டுவிட்டு வர ஏதாவது இருந்திருக்கும். சுவரில் ஒரு தட்சிணாமூர்த்தி, மஞ்சள் துண்டு கட்டிக்கொண்டு பேசாமல் இருக்கிறார். பேசாதவர்களை எல்லாரும் கும்பிடுகிறார்கள், கல்லாக இருந்தால்.

கன்னிமூலைப் பிள்ளையார் வந்துவிட்டார். இங்கே திரும்பினால் மண்டபம் முழுதும் மறைந்துவிடும், நீலமும் இல்லை வாளியும் இல்லை. நெற்றியில் குட்டிக்கொள்கிறேன். ஒரு தடவை இவன் தொலைந்திருக்கிறான். தென்காசி பஸ் ஸ்டாண்டில், பத்து வயதிருக்கும், கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிற நேரத்துக்குள் பெஞ்சில் ஆள் இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு என்ன பிரயோசனம், கூப்பிட்டால் திரும்புகிற பிள்ளையா? அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, பிள்ளை தொலைந்துபோனால் தாய்க்குக் கூப்பிடுவதைத் தவிர வேறு வித்தையே தெரியாதென்று. பழக்கடைக்காரர்களிடம் அடையாளம் சொல்லச் சொல்ல வாய் உலர்ந்து ஒட்டிக்கொண்டது. நீலநிறச் சட்டை. அன்றைக்கும் நீலம்தான். செங்கோட்டை பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தான், கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது சோப்பு விளம்பரத்தைப் பாடியிருக்கிறான், அவர் இறக்கிவிடாமல் பக்கத்தில் உட்கார வைத்துத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். என்னைப் பார்த்ததும் அவன் அழவில்லை, சிரிக்கவில்லை. போலாம் என்றான். நான் பஸ் ஸ்டாண்டு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு ஒரு முடிவு செய்தேன், இனி என் கண்ணை விட்டு இவன் போக மாட்டான் என்று. அதன் பிறகு எந்தக் கல்யாணத்தில் நான் சாப்பாட்டுப் பந்தியில் முழுதாக உட்கார்ந்தேன், எந்தத் துஷ்டிவீட்டில் முழுதாக அழுதேன். என் அம்மா செத்தபோதுகூட ஒரு கையால் அவள் காலையும் மறு கையால் இவன் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டிருந்தேன். அது பாசம் என்று ஊரே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன், பாசம்தான், அதில் சந்தேகமில்லை. இடது குதி வலது விரலைத் தொடுகிறது. திரும்பிவிட்டேன்.

மேற்குப் பிராகாரத்தில் வெளிச்சம் கம்மி. மதில் உயரம், அதற்குமேல் மலை, மலைக்குமேல் மேகம், எல்லாமாகச் சேர்ந்து பகலைப் பாதியாக்கிவிட்டன. இங்கே கல் இன்னும் வழுக்குகிறது. இங்கே யாரும் நிற்பதில்லை, பின்பக்கம்தானே, ஒரு கும்பிடு போட்டுவிட்டு எல்லாரும் வேகமாகப் போய்விடுகிற இடம். நான் வேகமாகப் போக முடியாது. அப்போது முன்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஏதோ பெரிய பாத்திரம் கல்லில் விழுந்து உருண்டு உருண்டு ஓடுகிற சத்தம், அதற்குப் பின்னால் ஒரு ஆண்குரல், ஏய் ஏய் என்று. அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் என்னைக் கொன்றது. நாதன்தான். வேறு யாராக இருக்கும், அவன்தான் எதையோ தட்டிவிட்டிருக்கிறான், யாரோ அவன் தோளைப் பிடித்திருக்கிறார்கள், தெரியாதவர்கள் தொட்டால் அவன் கத்துவான், கத்தவில்லையே, கத்தவில்லையென்றால் ஓடியிருப்பான், வாசலுக்கு ஓடியிருப்பான், வாசலுக்கு வெளியே தேர்வீதி, தேர்வீதியில் லாரி. வலது கால் தரையை விட்டு எழுந்துவிட்டது. முன்னால் வைக்க எழவில்லை, ஓட எழுந்தது. அது அப்படியே காற்றில் நிற்கிறது. ஓடு, உலகு, ஓடு என்று என் பெயரைச் சொல்லியே என்னை விரட்டுகிறேன். அம்மனா முக்கியம், வேண்டுதலா முக்கியம், கேட்டதைத் தராதவளுக்கு நீ எதற்கு ஒழுங்காகக் கால் வைக்கிறாய்? ஆனால் ஓடிப் போய்? இன்றைக்கு ஓடிப் போய்ப் பிடிப்பாய். நாளைக்கும் பிடிப்பாய். என்றைக்கோ ஒரு நாள் உன் கால் ஓடாது. அன்றைக்கும் எங்கேயோ ஒரு பாத்திரம் உருளும். அன்றைக்கு நீ எங்கே இருப்பாய், இந்த மதிலுக்குப் பின்னால்கூட இருக்க மாட்டாய். ஒற்றைக் காலில் நிற்கிறேன், கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு. கை பட்ட இடத்தில் கல் பாசி பிடித்து மெத்தென்று இருக்கிறது. ஒரு மந்திரம் வரவில்லை, தாயே காப்பாற்று என்றுகூட வரவில்லை. வழக்கமாக எனக்கு வேண்டுதலுக்குப் பஞ்சமே இருக்காது.

"நின்னுட்டீகளே, நடங்கம்மா. எனக்கு முட்டு வலிக்கி."

கடையநல்லூர்க்காரி. அவள் விரல் என் குதிகாலில் இடிக்கிற அளவுக்கு வந்து நிற்கிறாள். அவளுக்கு என் மகனைத் தெரியாது, பாத்திரச் சத்தத்துக்கு அவளிடம் அர்த்தமும் கிடையாது, அவளுக்கு முட்டு வலிக்கிறது, அவ்வளவுதான். காற்றில் நின்ற காலை முன்னால் வைத்தேன். தைரியம் வந்து வைத்ததாக நினைத்துவிடக்கூடாது. பின்னால் ஒருத்திக்கு முட்டு வலிக்கிறதே என்று வைத்தேன். ஆனால் வைத்த பிறகு என்னவோ ஆயிற்று. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உடம்பெல்லாம் ஒரு அமைதி, காய்ச்சல் விடும்போது வேர்க்குமே அது மாதிரி. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் கண்ணுக்குள் அவன் இல்லை, அந்தக் காலியான இடத்தில் மற்றதெல்லாம் வந்து நிற்கின்றன. மதில்மேல் சாரல் இறங்குவது தெரிகிறது, புகை மாதிரி, விழுவதா மிதப்பதா என்று முடிவு செய்யாமல். விமானத்துப் பொந்தில் ஒரு புறா கழுத்தை உப்பிக்கொண்டு குமுறுகிறது. இது எப்போதும் இங்கே இருந்ததா? எனக்குக் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இந்தக் கோயிலுக்கு வருகிறேன், இதன் பின்பக்கத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தோடுகூடவே ஒரு பெரிய ஆச்சரியமாகவும் இருக்கிறது. நான் பிடிக்காமலே இவ்வளவும் நின்றுகொண்டிருக்கிறது. என் கை ஒன்றையும் பிடிக்கவில்லை, மலை இருக்கிறது, புறா இருக்கிறது, என் பிள்ளையும் எங்கேயோ இருக்கிறான். அந்த எங்கேயோ என்ற சொல்லைச் சொல்லிப் பார்த்தேன், வாய்க்குள்ளேயே. அது என்னைக் கடிக்கவில்லை.

வடக்குப் பக்கம் திரும்புகிறேன். யாகசாலைச் சுவர் மறைப்பதால் இந்தப் பக்கத்திலிருந்தும் மண்டபம் தெரியாது, கடைசி மூலையில்தான் தெரியும். அமைதி கொஞ்ச நேரம்தான் இருந்தது, மறுபடியும் மனசு பழைய செக்கைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. என் கொழுந்தன் பெண்டாட்டி ஒரு தடவை, இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டே, கெட்ட எண்ணத்தில் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், இந்தப் பிள்ளையெல்லாம் எதுக்கு மைனி பொறக்குது என்று. நான் எழுந்து போய்விட்டேன். மாதக்கணக்கில் அவளிடம் பேசவில்லை. கோபம் அவள் கேட்டதற்கு இல்லை, நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்ததை அவள் சத்தமாகக் கேட்டுவிட்டாள் என்பதற்கு. எதற்குப் பிறந்தான்? அதற்கு என்னிடம் ஒரு விடை உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. நான் பார்த்துக்கொள்வதற்காகப் பிறந்தான். அவன் எனக்காக, நான் அவனுக்காக, கணக்கு சரி. காலையில் பல் தேய்த்துவிடுவதிலிருந்து ராத்திரி காதில் கை வைத்து அமுக்கித் தூங்கவைப்பதுவரை என் நாளெல்லாம் நிறைந்திருந்தது. நீ ஒரு தியாகிடி என்று என் கூடப்பிறந்தவள் சொல்லும்போது கேட்க நன்றாகவே இருந்தது. ஜெசிந்தா டீச்சர் வாசலோடு போய்விடச் சொன்னபோது எனக்குள் முதலில் எழுந்தது அவனைப் பற்றிய பயம் இல்லை. அப்படியானால் நான் எதற்கு என்றுதான் எழுந்தது. இதை இப்போது, இந்த வடக்குப் பிராகாரத்தில், துர்க்கைக்கு முன்னால் எலுமிச்சம்பழ விளக்குப் புகையில் கண் எரிந்துகொண்டிருக்கும்போதுதான் பார்க்கிறேன். தாயே, நீ பொல்லாதவள். கேட்டதைத் தர மாட்டாய், கேட்காததைத் தோண்டி எடுத்துக் கையில் கொடுப்பாய். இன்னும் ஒரு அடி. கால் கடுக்கிறது. பின்னால் கடையநல்லூர்க்காரி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருகிறாள், அவளுக்கு மூச்சு வாங்குகிறது. சுவர் முடியப் போகிறது. முடிய வேண்டாம் என்றும் இருக்கிறது. முடியாத வரைக்கும் அவன் அங்கே இருக்கிறான்.

மூலை திரும்பிவிட்டேன். தூணைக் காணவில்லை, ஆட்கள் மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், உச்சிகாலப் பூஜைக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. சேலை, வேட்டி, ஒரு குழந்தையின் பலூன். ஒரு அடி. இன்னொன்று. கூட்டம் நடை திறக்கிற பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தது. நாதன் உட்கார்ந்திருந்தான். விட்டுவிட்டுப் போன இடத்தில், அதே சம்மணம், முதுகு நிமிர்ந்து. ஆனால் அவனுக்கு முன்னால் என்ன அது? முதலில் எனக்குப் புரியவில்லை. பைகள். ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பை, ஒரு ரெக்ஸின் பை, பூப்போட்ட துணிப்பை, தூக்குவாளி, கருப்பு ஹெல்மெட் ஒன்று. யாருடையவை இவையெல்லாம்? நான் இன்னும் ஒரு அடி வைப்பதற்குள் ஒரு பெண் கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அவன் முன்னால் குனிந்தாள், இன்னொரு பையை வைத்தாள், தம்பி இதையும் கொஞ்சம் பாத்துக்கோங்க, சாமி பாத்துட்டு இந்தா வந்துருதோம் என்றாள். அவன் பதிலுக்குக் காத்திராமல் போயும் விட்டாள். நம் ஊரில் இதுதானே வழக்கம். பஸ்ஸிலோ கோயிலிலோ அசையாமல் உட்கார்ந்திருக்கிற ஒருவர் முகத்தைப் பார்ப்போம், இவர் எங்கேயும் போகிற ஆள் இல்லை என்று தோன்றினால் நம்பி விட்டுவிட்டுப் போவோம். இந்தக் கோயில் முழுவதிலும் என் பிள்ளையைவிட அசையாமல் உட்கார்ந்திருந்தவர் யார்? நான் அவனை நோயாளி மாதிரி உட்கார வைத்துவிட்டுப் போனேன், ஊர் வந்து அவனைக் காவல்காரனாக்கியிருக்கிறது. அவன் அந்தப் பெண்ணின் பையை எடுத்து, தூக்கிப் பார்த்து, வரிசையைக் கொஞ்சம் விலக்கி உயரம் பார்த்து இடையில் வைத்தான். பெரியதிலிருந்து சிறியதுவரை, ஒரு நூல் பிசகாமல்.

கொடிமரம்வரை இன்னும் சில அடிகள்தான், ஆனால் நடப்பதே தெரியாமல் அவனைப் பார்த்துக்கொண்டே அடி வைத்தேன். சந்தனம் பூசிய ஒரு பெரியவர் அவசரமாக வந்து ரெக்ஸின் பையைத் தூக்கினார். நாதனின் கை அதன் மேல் விழுந்தது. 

"வேண்டாம்."

பெரியவர் அவனைப் பார்த்தார், பையைப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிக்கணும் தம்பி, எங்க பை அதேமாதிரி இருக்கும், வண்டியில கெடக்கு போல" என்று சொல்லிவிட்டுப் போனார். நாதன் பையை அதன் இடத்தில் நேராக்கி வைத்தான். வேண்டாம் என்ற அந்தச் சொல்லை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், குளிக்க மாட்டேன் என்பதற்கும் சட்டை போட மாட்டேன் என்பதற்கும். அதற்குள் இன்னொருவருடைய பொருளை இவன் காப்பாற்றித் தருகிற அளவுக்குப் பலம் இருக்கும் என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. சாமி கும்பிட வந்த கூட்டத்துக்கு நடுவில் அவன் முகத்தைப் பார்த்தேன். இத்தனை காலம் அந்த முகத்தில் என்ன இல்லை, என்ன குறைகிறது என்றே பார்த்துப் பழகிய கண். இப்போது அதில் ஒன்றும் குறையவில்லை. அகன்ற நெற்றி, யாரையும் தேடாத கண்கள், மீசைக்குக் கீழே இறுக்கமில்லாத உதடு. உள்ளே மணி அடித்து நடை திறந்தார்கள், எல்லாரும் அந்தப் பக்கம் கை தூக்கினார்கள். என் கையும் உயர்ந்தது, எந்தப் பக்கம் என்று சொன்னால் சிரிப்பார்கள். உடம்பில் ஒவ்வொரு மயிரும் குத்திட்டு நின்றது.

கொடிமரத்தடிக்கு வந்துவிட்டேன். குதிகால் கிளம்பிய கல்லைத் தொட்டது, சுற்று முடிந்தது. கடையநல்லூர்க்காரி தொப்பென்று விழுந்து கும்பிட்டு, எழுந்திருக்கக் கை கொடுங்கள் என்றாள், கொடுத்தேன். இனி ஓடலாம். பத்து எட்டில் அவனிடம் போய்விடலாம், போனதும் அவன் போலாம் என்பான், வழியில் புளியோதரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நான் மெல்ல நடந்து போய் அவன் முன்னால் நின்றேன். நிமிர்ந்து பார்த்தான். பார்த்தான் என்றால் பார்த்தான், அவ்வளவுதான். பிறகு ஹெல்மெட்டின் வாரை உள்ளே தள்ளிவிட்டான், அது வரிசையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேலையாக இருக்கிறான். எனக்குச் சுருக்கென்று வலித்தது, அந்த வலி இருக்கும்போதே சிரிப்பும் வந்துவிட்டது. என் தோளில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய மாற்றுச் சட்டை, துவாலை, மாத்திரை, தண்ணீர், பிஸ்கட், காது மூட ஒரு மப்ளர். அதைக் கழற்றினேன். கழற்றிய இடத்தில் தோள் என்னுடையது இல்லாத மாதிரி லேசாக இருந்தது. குனிந்து அவன் முன்னால் வைத்தேன்.

"தம்பி, இதையும் கொஞ்சம் பாத்துக்கோங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவன் பையை எடுத்தான், தூக்கிப் பார்த்தான். ரெக்ஸின் பைக்கு அடுத்ததாக, பூப்போட்ட துணிப்பைக்கு முன்னால், இடம் விலக்கி வைத்தான். என் பைக்கென்று தனி மரியாதை ஒன்றும் இல்லை. நான் திரும்பிக் கொடிமரத்தடிக்குப் போனேன். அங்கே உட்கார்ந்து முட்டைத் தடவிக்கொண்டிருந்த கடையநல்லூர்க்காரி, இன்னொரு சுத்தா என்றாள். ஆமாம் என்றேன். எதுக்கு என்று அவள் கேட்பதற்குள் வலது காலை எடுத்து இடது காலுக்கு முன்னால் வைத்துவிட்டேன்.